குளமும் காடும் யாருக்குரியவை?

பொதுமக்களின் பங்களிப்பின்றிக் குளத்தையும் காட்டையும் காத்தல் இயலாது என்று இன்று ஆட்சியாளர் யாவரும் கூறுகின்றனர். திணைக்களங்களின் சுற்றறிக்கைகளிலும் வெளிநாட்டு உதவித் திட்டங்களின் அறிக்கைகளிலும் இக்கருத்துத் தவறாது இடம்பெறுகின்றது. கூற்று உண்மையானதே. ஆயினும் மக்களைப் பங்காளராகுமாறு அழைப்போர் ஒரு வினாவுக்கு முதலில் விடையளித்தல் வேண்டும். தம் குளத்தைத் தாமே பேணி வந்த மக்கள் அதனின்றும் எவ்வாறு விலக்கப்பட்டனர்? இதற்கு விடை காண்பதற்கு இலங்கையின் கடந்த இரு நூற்றாண்டு வரலாற்றை நாம் ஒருமுறை நோக்குதல் தகும்.

நமது நாட்டின் வரண்ட வலயத்தில் மாரி மழையைத் தேக்கி வைத்தாலன்றி நெல் விளைவு உறுதியாவதில்லை. ஆதலின் அங்கே குளமே ஊராயிற்று. செட்டிகுளம், பாண்டியன்குளம், கனகராயன்குளம் என வன்னி ஊர்ப் பெயர்கள் பல குளம் என்றே முடிதலும், சிங்கள ஊர்ப் பெயர்கள் பல 'வெவ' என்று முடிதலும் இவ்வுண்மையைப் புலப்படுத்தும். குளக்கட்டைத் திருத்துதல், துருசைப் பேணுதல், வாய்க்காலைத் துப்புரவாக்குதல் ஆகிய வேலைகள் வயற்பங்குக்கு ஏற்பக் கமக்காரரிடையே பகிர்ந்தளிக்கப்பட்டன. மழை பொய்த்த ஆண்டில் நீர் எவ்வளவு பரப்புக்குப் போதுமோ அவ்வளவு பரப்பை மட்டும் விதைத்து, அதனைப் பங்காளர் யாவரும் தற்காலிகமாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இருந்தது. சிங்களக் கிராமங்களில் இதனைப் 'பெத்ம' என்பர். குளக்கட்டின் அருகே வயல் வைத்திருப்பவன் தனியே விளைவித்துக்கொள்ள, கடைக்கோடியில் இருப்பவன் பட்டினி கிடக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

இவ்வாறு கூறுவதால் பழமையைப் பொற்காலமென்று போற்றுவது நமது நோக்கமன்று. பெருங்குளங்களுக்கும் அரசனின் பணிகளுக்கும் உழைப்பை வழங்கியது இராஜகாரியம் என்னும் முறை. அது நிலப்பிரபுத்துவ முறை. சாதியை அடித்தளமாகக் கொண்டது. ஊரின் நீரில் யாவருக்கும் பங்கிருந்தது என்று சொல்லும்போது, நிலமே இல்லாதவருக்கு அதில் என்ன பங்கிருந்தது என்று கேட்பதும் நமது கடமையாகும். எனினும் ஒன்றை மறுத்தற்கில்லை. குளத்தைத் திருத்தும் கடமையும் அதன் நீரைப் பெறும் உரிமையும் அன்று ஒருவர் கையிலேயே இருந்தன.

இப்பிணைப்பை அறுத்தது ஆங்கில ஏகாதிபத்தியமே. 1815ஆம் ஆண்டில் கண்டி வீழ்ந்த பின்னர், ஆங்கிலேயரும் தம் வீதிகளை அமைப்பதற்கு இராஜகாரியத்தையே பயன்படுத்தினர். பின்னர் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையை ஏற்று 1832ஆம் ஆண்டில் அதனை ஒழித்தனர். கட்டாய உழைப்பின் ஒழிவை முற்போக்கான செயலென்றே நாமும் கொள்வோம். ஆனால் அதனோடு ஒட்டியிருந்த குளப் பராமரிப்புக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. சட்டத்தின் துணையை இழந்த ஊர் வழக்கம் தளர்ந்தது. குளங்கள் பல தூர்ந்தன, கட்டுகள் உடைந்தன.

எட்டாண்டுகள் கழித்து அதனினும் பெரிய அடி விழுந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்று விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும், மாடு மேய்த்தும், விறகும் தேனும் எடுத்தும் வாழ்ந்த குடியானவனிடம் உறுதி ஏது? பத்திரம் ஏது? நிரூபிக்கும் பாரம் அவன் தலையில் சுமத்தப்பட்டது. மலைநாட்டுக் காடுகள் ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்னும் விலைக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. வாங்கியோருள் அரசாங்க உத்தியோகத்தரும் பலர் இருந்தனர்.

1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம் ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் செலுத்தவேண்டும் என்றது. கட்டாய உழைப்பு ஒழிந்ததெனப் பறைசாற்றிப் பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. முன்னர் உழைத்தவனுக்குக் குளத்து நீராவது கிடைத்தது. இப்போது தோட்டக்காரனின் கோப்பி துறைமுகம் செல்ல வீதி கிடைத்தது. அவ்வாண்டின் கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இத்தகைய மனக்கொதிப்பும் காரணமாயிற்று.

குளங்கள் அழிவதால் வரி வருமானமும் அழிவதை ஆட்சியாளர் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தைக் கொணர்ந்து, கமக்காரரின் பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலு அளித்தார். தாம் உடைத்ததைத் தாமே ஒட்டவைக்க முயன்றமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ஆனால் வழக்கம் மீண்டபோது, அதனை நடத்தும் அதிகாரம் வட்டவிதானையிடமும், அவர்மேல் அரசாங்க அதிபரிடமும் சென்றது. உழுபவன் கேட்டு நடப்பவனாகவே நின்றான்.

காட்டின் கதையும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில வேட்டைக்காரர் யானைகளை நூற்றுக்கணக்கில் சுட்டு வீழ்த்தினர். மேஜர் றொஜர்ஸ் என்பவர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறுவர். விலங்கு அருகியபோது அதனைக் காக்கும் எண்ணம் பிறந்தது. ஆயினும் யால எனும் வனம் முதலில் காக்கப்பட்டது துரைமாரின் வேட்டைக்காகவே என்பதை நாம் மறக்கலாகாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. வேட்டையை விளையாட்டாகக் கொண்டவன் காவலனானான். வயிற்றுக்காகக் காட்டை நாடியவன் குற்றவாளியானான்.

சுதந்திரத்தின் பின்னர் இந்நிலையை மாற்ற எழுந்த உறுதியான முயற்சி 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமாகும். பிலிப் குணவர்த்தன கொணர்ந்த அச்சட்டம் வாரக்குடிகளுக்குப் பாதுகாப்பு அளித்ததோடு, வட்டவிதானைப் பதவியை அகற்றி, கமக்காரர் தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் அவ்வலுவலை ஒப்படைத்தது. நிலவுடைமை வர்க்கம் வாளாவிருக்கவில்லை. வாரக்குடிகள் பலர் வெளியேற்றப்பட்டனர். 1959இல் பிலிப் குணவர்த்தன அமைச்சரவையை விட்டு விலகினார். 1973ஆம் ஆண்டில் குழுக்களின் தெரிவு முறை நீங்கி நியமன முறை வந்தது. அந்தோ! அதனைச் செய்தது இடதுசாரிகளும் பங்குகொண்ட ஓர் அரசாங்கமே. மக்களின் பெயரால் பேசுவோரும் மக்களின் தெரிவை அஞ்சுவதுண்டு என்பதை நாம் தன்விமர்சனமாகவே ஏற்கவேண்டும்.

ஆயினும் மக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன விளையும் என்பதற்குக் கல்லோயாப் பள்ளத்தாக்குச் சான்று பகர்கின்றது. 1956ஆம் ஆண்டில் இனவெறிக் கொலைகள் நிகழ்ந்த அதே மண் அது. 1981இல் அங்கு இடதுகரை வாய்க்கால்களைப் புனரமைக்கும் வேலை தொடங்கிற்று. படித்த இளைஞர் சிலர் கமக்காரரோடு சென்று தங்கினர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசினர். அவ்வாண்டு நீர்த்தேக்கம் கால்வாசியே நிறைந்திருந்தது. பூசல் மூளும் என்று அதிகாரிகள் அஞ்சினர். நிகழ்ந்ததோ வேறு. கமக்காரர் தாமே வாய்க்கால்களை வெட்டித் துப்புரவாக்கினர். முறை வைத்து நீர் பாய்ச்சினர். மீதப்பட்ட நீரைக் கீழ்ப்பகுதிக்கு விட்டனர். கீழ்ப்பகுதியில் தமிழ்க் கமக்காரரும் இருந்தனர். நீர் விட்டோர் சிங்களவர். யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பட்ட அதே ஆண்டில் இது நிகழ்ந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக. அவ்விளைஞருட் பலர் பின்னர் நிரந்தரத் தொழில் தேடி ஆசிரியராயினர் என்பதையும் இங்கு குறிப்பிடல் பொருந்தும். மக்களிடம் செல்லும் தொண்டுக்கு நிரந்தர ஊதியம் தர அரசுக்கு மனம் வரவில்லை.

இரண்டே ஆண்டுகளில் மறுபக்கத்தையும் கண்டோம். 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டபோது, தொன்றுதொட்டு அக்காட்டில் வாழ்ந்த வேடர் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அகற்றப்பட்டனர். அவர்களின் வேட்டையும் தேனெடுப்பும் ஒரே நாளில் குற்றங்களாயின. தலைவர் திசாஹாமி, தம்மைச் சேர்ந்த சில குடும்பங்களோடு, தம்பானையை விட்டு நகர மறுத்தார். காட்டை அழிக்காது பல நூற்றாண்டு வாழ்ந்தவரிடமிருந்தே காடு காப்பாற்றப்பட வேண்டியதாயிற்று! அணைகளுக்கும் குடியேற்றங்களுக்குமாகப் பெருங்காடுகள் வெட்டப்பட்டதும் அதே மகாவலித் திட்டத்திலேதான்.

இவை முடிந்துபோன கதைகள் அல்ல. போரினால் இடம்பெயர்ந்து மீண்ட வன்னி மக்களுட் பலர், தாம் உழாது கிடந்த காணிகளில் பற்றை மண்டியிருப்பதையும், அவை வனப் பரப்பாக எல்லையிடப்பட்டிருப்பதையும் கண்டனர். பயிரிடப்படாத நிலம் அரசுக்குரியது என்ற 1840இன் குரலையே நாம் இதிலும் கேட்கிறோம். ஏன் பயிரிடப்படவில்லை என்று அக்குரல் அன்றும் கேட்டதில்லை, இன்றும் கேட்பதில்லை.

எனவே காட்டுக்கும் குளத்துக்கும் காவல் வேண்டாமென்று நாம் கூறவில்லை. காவல் கட்டாயம் வேண்டும். காட்டை அழித்து விற்கும் முதலாளியும் ஊருக்குள் இருக்கிறான்; ஊர் என்பது ஒரே நலனுடைய கூட்டமன்று. ஆதலாற்றான் உழுபவனும், நிலமற்றவனும், பெண்களும் வாக்களித்துத் தெரிவு செய்யும் அமைப்புகளிடம், நீரைப் பகிரவும் காட்டின் எல்லையை வரையவும் அதிகாரம் இருத்தல் வேண்டும் என்கிறோம். குளக்கட்டில் மண் சுமக்கவும் வேலி கட்டவும் மட்டும் மக்களை அழைத்து, முடிவுகளை அலுவலகத்தில் எடுப்பது பங்களிப்பு ஆகாது. உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் விட்டுவைக்கும் அம்முறைக்கு நமது வரலாற்றில் முன்னரே ஒரு பெயருண்டு. அதன் பெயர் இராஜகாரியம்.