மலையேறிய இசைத்தட்டுகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை, பெலிஹுல்ஓயாவைக் கடந்து ஊவா மாகாணத்துக்குள் புகுந்து, ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் தாழ்ந்து விரியும் சமவெளியுமாக வளைந்து வளைந்து ஏறுகின்ற வழியில் இருப்பது ஹல்துமுல்லை. போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியதும், பின்னர் கோப்பியும் அது நோயுற்று அழிந்தபின் தேயிலையும் மலையை மூடியதும், 1890-இல் தாமஸ் லிப்டன் வந்து ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியதும் இப்பிரதேசத்தின் சரித்திரத்தில் தவறாமல் சொல்லப்படுகின்றன. அத்தோட்டங்களில் வேலை முடிந்த மாலைப்பொழுதில் கேட்ட சங்கீதம் எது, அது எந்த வழியாக மலையேறி வந்தது, இப்பொழுது எங்கே போயிற்று என்பதை விசாரித்து எழுதியவர் மிகச் சிலரே. அவ்விசாரணைக்குச் சாட்சியாக எஞ்சியிருப்பது கிராமபோன் தட்டு.

தட்டின் பிறப்பிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. எமில் பெர்லினர் 1887-இல் உரிமம் பெற்ற அந்தக் கருவி மேல்நாட்டுச் சிருஷ்டியானாலும், பாட்டைத் தாங்கி நின்ற கருந்தட்டுக்கு உயிர்நிலையான அரக்கு, சோட்டா நாகபுரிக் காடுகளிலே சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் கசியவிட்ட பிசினேயாகும். 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதியாகப் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டுக்களைப் பதிவு செய்தபொழுது, அவை ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று தட்டுகளாகித் திரும்பின. இந்திய பாஷை எதையும் அறியாத அவ்வூர்த் தொழிலாளர் எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டுவதென்று திகைக்காதிருக்கும் பொருட்டு, பாடகரே பாட்டின் முடிவில் தம் பெயரை உரக்கச் சொல்லிவிடும் வழக்கம் ஏற்பட்டது. கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தம் பெயரைக் கூவி முடிப்பதைக் கேட்டு இன்றைக்குச் சிரிப்பவர்கள், அது கலைஞரின் கர்வமன்று, தொழிற்சாலைக்கு விட்ட தகவல் என்பதை அறிந்தால் நன்று. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவிலும் பின்னர் டம்டம்மிலும் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டபின் அந்த வழக்கம் மெல்ல மறைந்தது.

தெற்கே கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி முதலியோரின் குரல்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தட்டேறிவிட்டன எனினும், இசைத்தட்டு நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்குள் பிரவேசித்தது 1920-களின் இறுதியிலும் 1930-களிலுந்தான். பிற்காலத்தில் படமுதலாளியாகப் பிரசித்தி பெற்ற ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் ஸ்தாபனத்தின் மூலம் ஓடியன் தட்டுகளை வெளியிட்டு விற்றதும் அந்தக் காலத்திலேயே. இலங்கைக்கும் இவ்வியாபாரத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் ஏற்றுமதித் தொடர்பன்று. நாடகமேடைப் பாடகர்களான எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சந்தித்ததே 1926-இல், நாடகமாட வந்த கொழும்பு நகரில். 1933-இல் கிட்டப்பா இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாமல், பேசும் படம் எதிலும் தோன்றாமலே மறைந்துபோனதால், அவர் குரல் இன்னதென்று பிற்சந்ததியார் அறிவதற்குக் கொலம்பியா கம்பெனியின் தட்டுகளைத் தவிர வேறு ஆதாரமே இல்லாமற் போயிற்று.

இலங்கையில் கிராமபோன் கம்பெனியின் நாய் மார்க்குத் தட்டுகளுக்கு ஏஜெண்டாக இருந்தது கொழும்பிலுள்ள கார்கில்ஸ் கம்பெனி. இருப்புப்பாதை ஹப்புத்தளையை 1893-இலும் பதுளையை 1924-இலும் எட்டியிருந்தபடியால், வைக்கோலும் காகிதமும் வைத்துக் கட்டிய மரப்பெட்டிகளில் தட்டுகள் மலையேறுவதற்குத் தடையொன்றும் இருக்கவில்லை. தடை வாங்குபவர் கையிலிருந்த காசுதான். தோட்டத்தில் துரையின் பங்களாவில் இருந்த கிராமபோன் பெட்டி வேறு பாஷை பேசியது. கிளாக்கர், டீமேக்கர், பெரிய கங்காணி முதலியோர் வீடுகளில் இருந்த பெட்டியே தமிழ் பாடியது. சாவி முறுக்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதிய ஊசி பொருத்தி, மூன்று நிமிஷத்துக்கொருமுறை எழுந்து தட்டைப் புரட்டிப்போடும் அந்தச் சடங்கு உள்ளே நடந்துகொண்டிருக்க, கொழுந்து நிறுத்துவிட்டு தங்கள் வரிசைக் குடியிருப்பாகிய லயத்துக்குத் திரும்பியவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். லயத்துத் தொழிலாளிக்கு இசைத்தட்டு உண்மையில் உரிமையானது, மாரியம்மன் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டப்பட்ட பிறகுதான். அன்று அது ஒருவர் வீட்டுப் பொருளாயிராமல் மலை முழுவதற்கும் பொதுவாயிற்று.

இதற்கிடையில் வானொலி வந்து தட்டின் ஆயுளை நீட்டியது. கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியதே, மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு இயற்றிய கருவியின் மூலம் கிராமபோன் தட்டுகளை ஒலிக்கச் செய்த பரிசோதனையினால் என்பார்கள். 1925 டிசம்பரில் அது முறையான நிலையமாயிற்று. 1950 செப்டம்பரில் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை பிறந்தது. இந்தியாவின் ஒலிபரப்பு மந்திரியாயிருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கி வைத்த ஆண்டுகளில், இமயம் முதல் குமரி வரை ஜனங்கள் கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பினர். எஸ்.பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளரின் குரல் தமிழ்நாட்டில் வீட்டுக் குரலாயிற்று. ஆயினும் அந்த நிலையத்துக்கு மிக அண்மையில், மின்சாரமே எட்டாத லயங்களில், உலர்மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்து ‘நேயர் விருப்ப’த்தில் தங்கள் தோட்டத்தின் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருந்தவர்களைப் பற்றி ரேடியோ சிலோனின் வரலாற்றை எழுதியோர் அதிகம் பேசவில்லை. தபாலட்டையிலே தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் எழுதி அனுப்பிய அவர்களுடைய விருப்பத்தை நிறைவேற்றியது அந்நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியம். தென்னாசியாவின் பழைய தட்டுகளுக்கு அது ஒரு பெரும் புகலிடமாக இருந்துவருவதை அறியாத சேகரிப்பாளர் இலர்.

சேகரிப்பாளர் என்று சொன்னேன். அவர்களுடைய வித்தையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் தட்டை அடையாளம் காண்பதற்குச் சங்கீத ஞானத்தைக் காட்டிலும் கூரிய கண்ணே அவசியம். முதலில் பார்ப்பது ஒட்டுத்தாளின் சின்னம்: எழுத்தாணி பிடித்த தேவதையானால் கிராமபோன் கம்பெனியின் பழங்காலம், குழலருகே நாயானால் பிற்காலம், இரட்டைச் சுரக்குறியானால் கொலம்பியா, பாரிஸ் நகர நாடகசாலையின் குவிமாடமானால் ஓடியன். மறுபக்கம் வழுவழுப்பாக வெறுமையாயிருப்பின் அது இருபக்கப் பதிவு வழக்கமாவதற்கு முந்தியது. அடுத்து, தாளில் அச்சான விற்பனை எண். அதன் முன்னெழுத்தைக் கண்டே தேர்ந்தவர்கள் வரிசையையும் விலைத்தரத்தையும் சொல்லிவிடுவர். ஆனால் அந்த எண் மறுவெளியீட்டில் மாறக்கூடியது; மாறாதது, பாட்டு முடிந்து ஊசி சுழலும் வெற்றுப் பள்ளத்தில் பொறிக்கப்பட்டுள்ள மூல அச்சின் எண்ணே. ஆதிகாலத் தட்டுகளில் அந்த எண்ணை ஒட்டிய ஓரெழுத்து, பதிவு செய்த நிபுணர் இன்னார் என்பதையும் தட்டின் அளவையும் காட்டும். ஒரே பாடகர் ஒரே பாட்டை இருமுறை பதிந்திருந்தால் தாளைப் பார்த்து அறிய முடியாது. பள்ளத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் அறியலாம். தாள் பொய் சொல்வதும் உண்டு: 1949-இல் வெளியான ‘மஹல்’ படத்தின் புகழ்பெற்ற பாட்டுத் தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயர் இராமல், கதாபாத்திரமான காமினியின் பெயரே அச்சிடப்பட்டிருந்தது.

எந்தத் தட்டு அபூர்வம் என்பதிலும் சாமானியர் ஏமாறுவதுண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியையோ தியாகராஜ பாகவதரின் பாட்டையோ வைத்திருப்பவர் நிதியைக் காத்திருப்பதாக நினைக்கிறார். அவை ஏராளமாக விற்றவை ஆகையால் ஏராளமாகவே கிடைக்கின்றன. விற்காமற் போனவையே அருமையாயின: பெயர் மறந்துபோன நாடகக்காரரின் தட்டுகள், பல தட்டுகளாகப் பெட்டியில் வந்து ஒன்றிரண்டு உடைந்துபோன நாடகத் தொகுதிகள், 1970-களில் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் முதலியோர் பாடிய இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை அடங்கிய சிறு தட்டுகள்.

இந்த நியாயம் நமக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தின் வடபகுதி ஆலைநகரங்களில் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்கக் கறுப்பின மக்கள் பாடி விலைபோகாமல் ஒதுங்கிய ‘சோல்’ பாட்டுத் தட்டுகளைத் தேடித் திரட்டி, விகன் நகரத்துக் கஸினோ போன்ற மண்டபங்களில் இரவு முழுதும் ஆடும் ஒரு கூட்டம் எழுந்தது. தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளே அதில் பெரும்பாலோர். ஒருவர் கண்டெடுத்த தட்டைப் போட்டியாளர் கண்டுபிடிக்காதிருக்கும் பொருட்டு, அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, இல்லாத பாடகர் பெயரொன்றைப் புனைந்து எழுதிவிடுவது அவர்களுடைய தந்திரம். பள்ளத்து எண்ணைப் படிக்கத் தெரிந்தவனிடம் மட்டுமே அது பலிக்காது. பிராங்க் வில்சன் என்பார் 1965-இல் பாடி, கம்பெனியே வெளியிடாமல் அழித்துவிட்டதில் தப்பிய ஒரு தட்டு 2009-இல் இருபத்தைந்தாயிரம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. ஆலைத் தொழிலாளரின் மோகம் அந்நாட்டில் ஒரு சந்தையையும், விலைப்பட்டியலையும், ஒவ்வொரு தட்டும் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்னும் வம்சாவளியையும் உண்டாக்கிற்று. நம் தோட்டத் தொழிலாளரின் மோகம் அதற்குக் குறைந்ததன்று. வம்சாவளி எழுதப்படாததற்குக் காரணம் வேறு.

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக்கையிட்டுப் பங்கிடப்பட்ட ஒரு ஜனசமூகத்தின் வீட்டுச் சாமான்களுக்கு வம்சாவளி எப்படி நிலைக்கும்? தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமை அடைந்தவர்கள், கைதவறினால் நொறுங்கும் அரக்குத் தட்டைச் சுமந்து செல்வதைவிட விட்டுச் செல்வதே இயல்பு. இருந்தவர்களுக்கும் அமைதி வாய்க்கவில்லை: 1983 ஜூலையில் பதுளையிலும் பண்டாரவளையிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்கு உட்பட்ட கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29-ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு ஒரு தோட்டத்தின் தலைமுறைகளுடைய பொருள்களும் மண்ணுக்குள் போயின. இவற்றுக்கெல்லாம் தப்பியதை மலைநாட்டு ஈரம் தின்றது: பூஞ்சணம் படர்ந்து, உறை மக்கி, ஒட்டுத்தாள் உரிந்து, அடையாளமே அற்ற கருவட்டங்களாயின பல.

மலைக்கு வெளியே தட்டுகளைக் காத்தவர்கள் இல்லாமலில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு முன்பு பழைய தட்டு வியாபாரத்துக்குக் கேந்திரமாயிருந்தது. வி.ஏ.கே. ரங்காராவைப் போன்ற சேகரிப்பாளர் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினர். 1990-இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றியது. மைக்கேல் கின்னியர் என்னும் ஆஸ்திரேலியர் கிராமபோன் கம்பெனியின் ஆதிப் பதிவுகளை எண்வாரியாக அட்டவணைப்படுத்தினார். இவர்கள் தொண்டு பெரிது. ஆயினும் இத்துறையில் ஒரு குறையை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். கம்பெனி பொறித்த எண்ணைப் போற்றுகிற வியாபாரிகள், அதே தட்டின் மேல் பிறர் எழுதியதை அழுக்கென்று கருதித் துடைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் ஒட்டிய சிறு சீட்டு, உடையவர் மசியில் எழுதிய பெயர், இரவல் போய்த் திரும்பியதற்கு இட்ட குறி, தோட்டத்தின் பெயர் பொறித்த முத்திரை ஆகிய இவையெல்லாம் போனால், அத்தட்டு டம்டம்மில் பிறந்த லட்சத்தில் ஒன்றாகிவிடுகிறது. இவை இருந்தால், ஊவா மலைச்சரிவில் இன்ன தோட்டத்தில் இன்ன பாட்டு கேட்கப்பட்டது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத பத்திரமாகிறது.

ஆகையால் பாட்டனார் வீட்டுப் பரணிலோ பெட்டியடியிலோ பழைய தட்டுகள் வைத்திருக்கும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அவற்றை எடைக்குப் போடாதீர்கள். விற்பதாயினும் விற்பதற்கு முன், ஒட்டுத்தாளிலுள்ள எண்ணையும் பள்ளத்திலுள்ள எண்ணையும், தட்டு எந்தத் தோட்டத்திலிருந்து யார் மூலம் வந்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்லக் கேட்டதையும் ஒரு தாளில் எழுதி, உறைக்குள் வைத்துக் கொடுங்கள்.