துடைப்பச் சோளமும் ஒரு குடியேறிக் குடும்பமும்: லிப்மன் நிறுவனம் குறித்த ஆய்வு

1. ஆய்வுக்கான கேள்வி

1896இல் சிகாகோவில் வில்லியம் லிப்மன் என்பவர் துடைப்பம் கட்டும் தொழிலைத் தொடங்கினார். லாட்வியாவிலிருந்து வந்தவர், அன்று அந்த நிலம் ரஷ்யப் பேரரசுக்குள் அடங்கியிருந்தது. அவர் தொடங்கிய நிறுவனம் இன்று இல்லினாய் மாநிலத்து ஆர்க்கோலா என்னும் சிற்றூரில் துடைப்பம், மாப், தேய்ப்பு பிரஷ் ஆகியவற்றைத் தயாரிக்கிறது. உரிமை இன்னும் அதே குடும்பத்திடம்தான்.

இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உழைப்பு, சிக்கனம், நாணயம் என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவை பொய்யில்லை. ஆனால் அவற்றால் எதையும் விளக்க முடியாது. அதே காலத்தில் அதே நாட்டில் துடைப்பம் கட்டிய வேறு எத்தனையோ பேரும் சோம்பேறிகள் அல்லர். அவர்களுடைய பட்டறைகள் மூடப்பட்டன, இது மூடப்படவில்லை. ஆகவே கேள்வியை வேறு இடத்தில் வைக்கவேண்டும்: ஒரு மலிவான பொருளைச் செய்யும் குடும்பம் எதை இறுகப் பிடித்தது, எதை உரிய நேரத்தில் கைவிட்டது?

2. பயிர்

அமெரிக்கத் துடைப்பத்தின் மூலப்பொருள் ஒருவகைச் சோளம். மக்காச்சோளம் அல்ல, ஆப்பிரிக்காவில் தோன்றி நம் மானாவாரி நிலங்களிலும் விளையும் சோளத்தின் இனம். நம்முடைய சோளத்தில் கதிர் திரண்டு தானியம் நிறைந்திருக்கும். துடைப்பச் சோளத்தில் தானியம் அற்பம். கதிரின் கிளைகள் மட்டும் ஒன்றரை இரண்டு அடி நீளத்துக்கு ஈர்க்குபோல் விரியும். அந்த ஈர்க்குக்காகவே பயிரிட்டார்கள். 1797இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாட்லியில் லீவை டிக்கின்சன் என்ற விவசாயி இதைக்கொண்டு துடைப்பம் கட்டி விற்கத் தொடங்கியதை இத்தொழிலின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். உருண்டையாக இருந்த துடைப்பத்தைத் தட்டையாக்கித் தைத்தவர்கள் ஷேக்கர் சமயக் குழுவினர். பெருக்கும் பரப்பு அதனால் அகன்றது. இன்றும் அமெரிக்கத் துடைப்பத்தின் வடிவம் அதுதான்.

பின்னர் பயிர் மேற்கே நகர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இல்லினாயின் நடுப்பகுதியில், ஆர்க்கோலாவைச் சுற்றிய கரிசல் நிலத்தில், அது பெருமளவில் விளைந்தது.

இதன் அறுவடையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தொழிலின் தலைவிதியே அதில் இருக்கிறது. நெட்டை ரகப் பயிர் பத்தடிக்கு மேல் உயரும். இரண்டு வரிசைத் தட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்த்து மேசைபோல் அமைப்பார்கள். பிறகு கதிர்களைக் கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து அந்த மேசைமீது பரப்புவார்கள். சுணை உடம்பில் ஒட்டி அரிக்கும். பருவத்துக்குப் பருவம் ஊர் ஊராக வந்து இந்த வேலையைச் செய்த கூலிகளை அப்பகுதியினர் ‘புரூம்கார்ன் ஜானிகள்’ என்றார்கள். மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. துடைப்பச் சோளம் கையறுப்பாகவே நின்றுவிட்டது. ஈர்க்கு ஒடியாமல், வளையாமல் வந்தால்தான் அதற்கு விலை.

3. தொடங்குவது ஏன் எளிது

கையில் முதலில்லாத ஒருவர் இத்தொழிலில் நுழைய முடிந்ததற்குக் காரணம் கருவிகளின் எளிமை. காலால் மிதித்துச் சுழற்றும் கட்டு இயந்திரம் ஒன்று, கம்பி, சணல் கயிறு, தட்டையாக்கும் இடுக்கி, நுனி வெட்டும் கத்தி. நனைத்த ஈர்க்கைக் கைப்பிடியைச் சுற்றி அடுக்கடுக்காக வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள். குட்டையான, முரட்டு ஈர்க்கு உள்ளே போகும். நீண்ட மெல்லிய ஈர்க்கு வெளியே தெரியும்படி வரும். பிறகு இடுக்கியில் அழுத்திச் சில வரிசை தைத்தால் துடைப்பம் முடிந்தது. மொழி தெரியாதவரும் கற்கக்கூடிய வேலை. வாங்குவதற்கு வீடுதோறும் ஆள் உண்டு. தேய்ந்தால் மறுபடியும் வாங்கியே ஆகவேண்டும்.

யாரும் நுழையலாம் என்றால் போட்டியும் யாரிடமிருந்தும் வரும். அமெரிக்கச் சிறைகள் பலவற்றில் துடைப்பப் பட்டறை இருந்தது. கைதிக்குச் சந்தைக் கூலி கிடையாது. பார்வையற்றோர் பள்ளிகளிலும் துடைப்பம் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 1929இல் நிறைவேறி 1934இல் நடைமுறைக்கு வந்த ஹாஸ்-கூப்பர் சட்டம் சிறைப் பண்டங்களை மறுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. தனியார் பட்டறைகள் சற்று மூச்சு விட்டிருக்கும். நான்கே ஆண்டுகளில், 1938இல், வாக்னர்-ஓடே சட்டம் வந்தது: நடுவண் அரசு தனக்கு வேண்டிய துடைப்பங்களையும் மாப்களையும் பார்வையற்றோர் தொழிற்கூடங்களிலிருந்து வாங்கவேண்டும். அச்சட்டத்தின் நோக்கத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் சிறு தயாரிப்பாளர் கண்ணோட்டத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் கதவு சாத்தப்பட்டது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் ‘உழைத்தார், உயர்ந்தார்’ என்று எழுதுவது, துடைப்பத்துக்குச் சந்தையில் கிடைத்த விலையை அறியாமல் எழுதுவது.

4. சிகாகோவிலிருந்து ஆர்க்கோலாவுக்கு

லிப்மன் குடும்பம் எடுத்த முதல் பெரிய முடிவு இடம் பற்றியது. சிகாகோ பெருநகரம், வாங்குவோர் நிறைந்த ஊர். அதை விட்டு சுமார் 250 கிலோமீட்டர் தெற்கே, இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதையில் உள்ள ஒரு சிற்றூருக்குத் தொழில் இடம் மாறியது. துடைப்பச் சோளம் எடை குறைந்தது, ஆனால் இடத்தை அடைக்கும் சரக்கு. தரமும் மூட்டைக்கு மூட்டை மாறும். தொலைவில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு இளைத்த சரக்கும் வந்து சேரும். விளையும் ஊரில் இருப்பவர் பிரித்துப் பார்த்து வாங்கலாம். ஆர்க்கோலாவில் வயல் மட்டுமல்ல, வணிகர்களும் கிடங்குகளும் கைத்திறன் உள்ள ஆட்களும் ஒருங்கே இருந்தார்கள்.

ஆனால் எந்தப் பயிரைத் தேடி ஊர் மாறினார்களோ அந்தப் பயிர் அங்கே நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓக்லஹோமா முந்தத் தொடங்கியது. பின்னர் இல்லினாய் விவசாயிகள் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் மாறினார்கள். இறுதியில் அமெரிக்கத் துடைப்பங்களுக்கான ஈர்க்கு பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வரலாயிற்று. ஆர்க்கோலாவில் இன்று ஆண்டுதோறும் துடைப்பச் சோளத் திருவிழா நடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் சோளம் காண்பதுதான் அரிது.

குடும்பத்தின் இரண்டாவது முடிவு இங்கேதான் வருகிறது: ஊரை விடவில்லை, பயிரை மட்டுமே நம்பியிருப்பதை விட்டார்கள். பிளாஸ்டிக் இழைத் துடைப்பம், முறுக்கிப் பிழியும் மாப், கழற்றித் துவைக்கக்கூடிய மாப் துணி என்று பட்டியல் மாறியது. நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் அமெரிக்கர் பலருக்கு நினைவுக்கு வருவது பச்சையும் வெள்ளையுமான ‘வொண்டர் மாப்’தான், ஈர்க்குத் துடைப்பம் அல்ல.

இந்த மாற்றத்தின் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. மிதி இயந்திரம் யாருக்கும் எட்டும். பிளாஸ்டிக்கை வார்க்கும் இயந்திரமும் அச்சுகளும் எட்டாது. எந்த எளிமை வில்லியம் லிப்மனை உள்ளே விட்டதோ, அந்த எளிமையே பிளாஸ்டிக்கோடு மறைந்துவிட்டது. 1896இல் அவர் இருந்த நிலையில் இன்று ஒருவர் வந்தால் இத்தொழிலில் கால் வைப்பது மிகக் கடினம். நீண்ட கைப்பிடியும் அகன்ற தலையும் கொண்ட பொருள் கப்பல் பெட்டியில் காற்றைத்தான் அதிகம் ஏற்றிச் செல்லும் என்பதும் உள்ளூர் ஆலைக்கு ஓரளவு அரண் என்பது என் கணிப்பு.

5. ஒப்பிட இரண்டு குடும்பங்கள்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த இருவர் இதே துறையில் பெயர் பெற்றார்கள். ஆல்ஃபிரட் ஃபுல்லர் 1906இல் பாஸ்டன் அருகே சாமர்வில்லில், தமக்கை வீட்டு நிலவறையில் பிரஷ் செய்யத் தொடங்கியவர். அவருடைய பலம் பொருளைவிட விற்பனையில் இருந்தது: வீடு வீடாகக் கதவைத் தட்டி, சிறு பிரஷ் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, உள்ளே வந்து செய்துகாட்டும் முறை. பகலில் வீட்டில் ஆள் இருக்கும்வரை அது செல்லும். மகன் ஹோவர்ட் 1959இல் கார் விபத்தில் இறந்தார். 1968இல் நிறுவனம் கன்சாலிடேட்டட் ஃபுட்ஸ் வசம் போனது.

அன்னா பிஸ்ஸெல் சிறுமியாக அமெரிக்கா வந்தவர். மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸில் கணவர் மெல்வில்லுடன் பீங்கான் கடை நடத்தியபோது, பொதியைப் பிரித்தால் சிதறும் மரத்தூள்தான் அவர்களுக்குத் தலைவலி. 1876இல் மெல்வில் கம்பளம் பெருக்கும் உருளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிரஷ் குஞ்சங்களை அக்கம்பக்கத்துப் பெண்கள் தத்தம் வீட்டிலேயே கட்டினார்கள். அன்னா கூடையுடன் போய்ச் சேகரித்துவந்தார். 1884இல் ஆலை எரிந்தபோது வங்கிகளில் கடன் திரட்டி மீண்டும் எழுப்பியதும் அவர்தான். 1889இல் கணவர் மறைந்ததும் தலைமை ஏற்றார். பிஸ்ஸெல் நிறுவனம் பிற்காலத்தில் மின்விசைக் கருவிகளுக்கு மாறியது. இன்றும் குடும்பத்திடமே இருக்கிறது. அன்னாவை ‘கணவருக்குத் துணை நின்றவர்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. கடன் வாங்கும் பொறுப்பு யாருடையது என்று பார்த்தாலே யார் தொழிலை நடத்தினார் என்பது விளங்கும்.

பிஸ்ஸெல்லும் லிப்மனும் பொருளை மாற்றிக்கொண்டார்கள்; ஃபுல்லரின் அடையாளம் விற்கும் முறையோடு பிணைந்திருந்தது. விபத்தும் வாரிசும் இதில் சேர்ந்திருப்பதால், முறை ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

6. துடைப்பத்துக்காக ஒரு வர்த்தக வழக்கு

வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக உடன்பாடு 1994இல் நடைமுறைக்கு வந்தபின் மெக்சிகோவின் சோள ஈர்க்குத் துடைப்பங்கள் அமெரிக்கச் சந்தையில் பெருகின. 1996 நவம்பரில் அதிபர் கிளின்டன் அவற்றின்மீது பாதுகாப்பு வரி விதித்தார். மெக்சிகோ பதிலுக்கு அமெரிக்க ஒயினுக்கும் பிராந்திக்கும் வரியை உயர்த்தியது. 1998 ஜனவரியில் உடன்பாட்டின் தீர்ப்புக்குழு அமெரிக்காவுக்கு எதிராக முடிவு சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில் வரி நீங்கியது.

வழக்கின் மையக் கேள்வி வேடிக்கையானது, ஆனால் நம் ஆய்வுக்கு முக்கியமானது. ஈர்க்குத் துடைப்பமும் பிளாஸ்டிக் துடைப்பமும் ஒரே பொருளா, வேறு வேறா? வேறு என்றால் உள்நாட்டு ஈர்க்குத் தொழில் நசிந்தது கண்கூடு. ஒன்றே என்றால் பாதிப்பின் கணக்கே மாறும். வேறு என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த முடிவுக்குப் போதிய விளக்கம் இல்லை என்றது குழு. ஒரு கூடத்தில் இரண்டையும் செய்யும் ஆலைக்காரருக்கு இந்தக் கேள்வி பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோயிருக்கும்.

7. ஆலைக்குள் வந்த குடியேறிகள்

மெக்சிகோவின் நுவேவோ லியோன் மாநிலத்தில் கடெரெய்ட்டா ஹிமெனெஸ் என்றொரு ஊர் உண்டு. அங்கும் துடைப்பம் கட்டுவதுதான் பேர்போன தொழில். அந்த ஊர்க் குடும்பங்கள் பல ஆர்க்கோலாவுக்குக் குடிபெயர்ந்து துடைப்ப ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தன. ஈர்க்கின் தரம் பார்க்கவும் இறுக்கிக் கட்டவும் அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மெக்சிகோத் துடைப்பம் அமெரிக்கத் தொழிலைக் கெடுக்கிறது என்று வாஷிங்டனில் வாதம் நடந்த காலத்தில், அமெரிக்கத் துடைப்பத்தைக் கட்டிய கைகளில் மெக்சிகோக் கைகளும் இருந்தன.

குடியேறிக் குடும்பம் என்னும்போது முதலாளியின் குடும்பத்தை மட்டும் எண்ணுவது ஆய்வாளர்களிடமும் உள்ள வழக்கம். லிப்மன் வந்தபோது ஒரு மிதி இயந்திரமும் கொஞ்சம் ஈர்க்கும் போதும், சொந்தப் பட்டறை போடலாம். அதே கைத்திறனோடு, பல பத்தாண்டுகள் பிந்தி வந்த கடெரெய்ட்டாக்காரருக்குக் கிடைத்தது ஆலையில் வாரக் கூலி.