முழங்கால் வலியும் சீரொளியும்

ஜொகூர் பாருவினின்று கோத்தா திங்கி செல்லும் சாலையில் உள்ளது உலு திராம். அவ்வட்டாரத் தோட்டங்களில் இளமை முழுவதையும் பால்மரம் வெட்டிக் கழித்த முதியோர் பலர், இருக்கையை விட்டு எழும்போது முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டே எழுவர். இதன் காரணத்தைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பட்டையைப் பாழாக்காது, ஒரே வெட்டுக்கோட்டை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி 1890களில் வகுத்தார். மரத்தைக் கொல்லாத முறை அது. ஆனால் சீவச் சீவ வெட்டுக்கோடு கீழிறங்கும். அஃது அடிமரத்தை அணுகியபின், காலை ஒன்றில் நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் குனிந்தும் குந்தியும் எழ வேண்டும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் குந்தி எழும் தொழில் முழங்கால் மூட்டுத்தேய்வுக்கு ஒரு காரணம் என்பதை மருத்துவர் இன்று ஏற்பர்.

இந்நோயைச் சித்த மருத்துவர் அழல்கீல் வாயு என்பர். கீல் என்பது பொருத்து. கதவுக்கும் காலுக்கும் ஒரே சொல் வழங்குவது கருதத்தக்கது. பெயர் பொருத்தைச் சுட்டினும், மருத்துவம் பொருத்தோடு நின்றுவிடவில்லை. நொச்சித்தழை ஒற்றடமும், தொக்கணம் எனப்படும் பிடித்துவிடும் முறையும் தொடை, கெண்டைக்கால் ஆகியவற்றின் தசைகளையும் நாடின. முடக்கு அறுத்தான் என்னும் கொடிப் பெயரே முடக்கற்றான் எனத் திரிந்தது. நோய் எலும்பிலா, தசையிலா என்னும் வினா அந்நாளில் எழவில்லை போலும், எழுந்தது பின்னரே.

அவ்வினாவின் இரு பக்கங்களையும் ஆராய்ந்தவர் ஒருவரே என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. இலண்டன் பல்கலைக் கல்லூரி மருத்துவமனையில் சர் தாமஸ் லூயிசின் கீழ்ப் பணியாற்றிய கெல்கிரன் என்னும் இளம் மருத்துவர், தன்னார்வலரின் தசைகளுள் செறிந்த உப்புநீரை ஊசியால் செலுத்தினார். வலி ஊசி பட்ட இடத்தில் மட்டும் நிற்கவில்லை. தொலைவிலுள்ள உறுப்புகளிலும் தோன்றிற்று. இம்முடிவை 1938இல் வெளியிட்டார். பின்னர் அவரே லாரன்சு என்பாருடன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளைக் கதிர்ப்படத்தால் ஆராய்ந்தார். சுரங்கத்திலும் மண்டியிட்டும் குனிந்தும் செய்யும் வேலைதான். 1957இல் அவ்விருவரும் மூட்டுத்தேய்வைச் சுழி முதல் நான்கு வரை தரப்படுத்தினர். இன்றும் மருத்துவர் கதிர்ப்படத்தை நோக்கி, இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்பது அவ்வளவைக் கொண்டே.

உலகம் கெல்கிரனின் இரண்டாம் பணியை நினைவிற் கொண்டது. முதற்பணியை ஏறக்குறைய மறந்தது. படத்தில் தேய்வு மிகுந்தவர் வலியின்றி நடப்பதும், தேய்வு குறைந்தவர் வலியால் துடிப்பதும் உண்டு. படம் எலும்பைக் காட்டும், வலியைக் காட்டாது. அமெரிக்காவில் சேனட் டிராவெல் என்னும் பெண் மருத்துவர் தசை முடிச்சுகளை ஆராய்ந்தார். 1961இல் அதிபர் கென்னடியின் மருத்துவராக வெள்ளை மாளிகைக்குச் சென்றவர் இவரே. தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசையில் முடிச்சிருப்பின் வலி முழங்காலில் தோன்றக்கூடும் என்று அவர் காட்டினார். மூட்டு நோவால் நடை குறையக் குறைய அத்தசை மெலியும். தசை மெலிய மூட்டின் சுமை கூடும்.

இனி ஒளிக்கு வருவோம். ஒளியால் நோய் தீர்த்தற்கு நோபெல் பரிசு பெற்றவர் டென்மார்க்கு நாட்டின் ஃபின்சென்; ஆண்டு 1903; அவர் தீர்த்தது தோலைத் தாக்கும் காசநோய். லேசர் என வழங்கும் சீரொளி வேறு வகையினது. அதன் வித்து ஐன்ஸ்டைனின் 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. 1960 மே 16இல் கலிபோர்னியாவில் மைமன் என்பார் மாணிக்கக்கல் தண்டிலிருந்து முதற் சீரொளியை எழுப்பினார். அலைகள் ஒரே நிறமும் ஒரே ஒழுங்கும் உடையனவாய்ச் செல்லுதலின் சீரொளி என்றது நல்ல ஆக்கமே.

மருத்துவத்துள் அது நுழைந்தது ஒரு தோல்வியால். பாஸ்டன் நகரில் மக்கஃப் என்பார் சீரொளியால் விலங்குகளின் கட்டிகளை அழித்ததாகக் கேட்ட புடாபெஸ்டு மருத்துவர் மெஸ்டர், அதனை எலிகளிடத்துச் செய்து பார்த்தார். அவர் கருவி வலுக்குறைந்தது, கட்டி அழியவில்லை. ஆனால் மயிர் மழித்த இடத்தில், ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைந்து வளர்ந்தது. 1967இல் வெளிவந்த இச்செய்தியே மென்சீரொளி மருத்துவத்தின் தொடக்கம். ஆறாத புண்களுக்கு முதலில் பயன்படுத்தினர். பின்னர்த் தசைவலிக்கும் மூட்டுவலிக்கும் கொண்டு சென்றனர். இது சுடாது, வெட்டாது. உயிரணுக்களின் இழைமணிகளில் உள்ள ஒரு நொதி சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் ஏற்று அணுவின் ஆற்றலாக்கத்தைத் தூண்டுகிறது என்பது பலரும் கூறும் விளக்கம்.

முழங்காலுக்கு இது பயன்படுமா? 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 22 ஆய்வுகளை, 1,063 நோயாளரை, ஒருங்கே நோக்கியது. பொய்யொளி பெற்றவரினும் மெய்யொளி பெற்றவர்க்கு வலி குறைந்ததென்றது; ஆயினும் அளவு சரியாயிருத்தல் வேண்டும் என்றது. 785 முதல் 860 நானோமீட்டர் அலைக்கு ஓரிடத்தில் 4 முதல் 8 ஜூல். 904 நானோமீட்டருக்கு 1 முதல் 3 ஜூல். ஆனால் 2022இல் இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுக் குழு, சான்று போதாமையால் மூட்டுத்தேய்வுக்குச் சீரொளி அளிக்க வேண்டா என்று விதித்தது. ஆய்வுகள் சிறியன, அளவுகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதன, ஆகவே அறிஞரிடை இருவேறு தீர்ப்பு. வலி சிறிது காலம் தணியக்கூடும் என்னுமளவுக்கு நம்புதல் தகும். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளர்ந்துவிடும் என விளம்பரம் செய்வோரை நம்புதல் தகாது. வாழ்நாள் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் முதியவரிடம் அவ்வாறு கூறுவது கொடுமை.

அவ்வழிகாட்டுக் குழு முதன்மையாகக் கூறியது உடற்பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேரே நீட்டிச் சற்று நிறுத்தி இறக்குவது நாற்றலைத் தசையை வலுப்படுத்தும் எளிய பயிற்சி. தொடக்கத்தில் வலியால் அதனைச் செய்ய இயலாதார்க்குச் சீரொளி துணை நிற்கலாம் என்பர் அதன் ஆதரவாளர். அதனை நாடுவோர், அலைநீளம் என்ன, ஓரிடத்தில் எத்தனை ஜூல், மூட்டில் மட்டுமா தொடைத்தசையிலுமா என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்துதல் நன்று. அகச்சிவப்புச் சீரொளி கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் விழித்திரையைக் கெடுக்கும்; ஆதலின் கருவியை இயக்குபவர், நோயாளர் இருவருமே காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும்.