மூளை ஆய்வுகூடத்துக்குள் எந்த வயசில போகலாம்?

குருக்கள்மடத்தில் ஓ/எல் எழுதி முடிச்ச பிள்ளையிடம் ஊரே கேட்கிற கேள்வி ஒண்டுதான்: "ஏ/எல்லுக்கு என்ன பிரிவு எடுக்கப்போற?" அந்தப் பிள்ளைக்கு அப்ப பதினாறு வயசு. இலங்கையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளை 1ஏபி என்றும், அது இல்லாமல் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவற்றை 1சி என்றும் வகுத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடம் எந்த வகை, பஸ் எத்தனை மணிக்கு, டியூசனுக்கு வீட்டில் காசு இருக்கா, இதெல்லாம் சேர்ந்துதான் பிரிவைத் தீர்மானிக்குது. பிள்ளையின் விருப்பம் கடைசியாகத்தான் வரும். கலைப்பிரிவு எடுத்தால் விஞ்ஞானக் கதவு அதோட பூட்டினதுதான் எண்டு எங்களுக்குச் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

இப்ப கலைப்பீடத்தில் இருந்துகொண்டு அந்த நம்பிக்கையை ஒருக்கா சோதிச்சுப் பார்க்க நினைத்தோம். மூளையையும் நரம்பையும் ஆராய்கிற ஆய்வுகூடங்களுக்குள் ஆக்கள் எந்த வயசில, என்ன படிச்சிட்டுப் போனார்கள்? தேடினால் வருகிற கதைகள், எங்களுக்குச் சொல்லித் தந்த கதையோட பொருந்தவேயில்லை.

முதலில் அமெரிக்கர் சீமோர் பென்சர். 1921இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 1947இல் கலாநிதிப் பட்டம் வாங்கியது பௌதிகவியலில். அடுத்த வருசமே வைரஸ்களைப் பற்றிய ஒரு குறுகிய கோடைகாலப் பயிற்சியில் சேர்ந்து உயிரியல் பக்கம் தாவினார். பரம்பரையலகு ஒன்றின் உள் அமைப்பைப் படமாக்கிப் பெரிய பெயர் எடுத்தார். பெயர் எடுத்தபிறகு அதிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய இரண்டு மகள்மாரும் குணத்தில் ஒருவருக்கொருவர் நேர்மாறாக இருந்தது அவரை யோசிக்க வைத்தது. நடத்தையில் எவ்வளவு பங்கு பிறப்போடு வருகிறது? 1965இல், நாற்பத்துநாலு வயசளவில், கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மூளை ஆய்வாளர் ரொஜர் ஸ்பெரியின் ஆய்வுகூடத்துக்குப் போய் மறுபடியும் படிக்கத் தொடங்கினார். அங்கே அவர் கையில் எடுத்தது வாழைப்பழத்தில் மொய்க்கிற சின்னப் பழ ஈயை. 1971இல் அவரும் அவருடைய மாணவர் ரொனால்ட் கொனொப்காவும், நாளின் நேரம் தப்பிப்போன ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி அந்த ஈக்களில் இருந்துதான் வளர்ந்தது. 2017இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அந்த வழியில் வந்த வேலைக்குத்தான்.

இரண்டாவது ஆள் ஒபைத் சித்திக்கி. 1932இல் உத்தரப் பிரதேசத்தில் பிறந்து, அலிகாரில் படித்தவர். தொடக்கத்தில் டில்லியில் கோதுமைப் பயிர் வளர்த்துப் பரம்பரையியல் ஆய்வு செய்தார். ஒருநாள் ஆலங்கட்டி மழை பெய்து பயிர் முழுக்க அழிந்துபோனது. வெள்ளத்தில் வயல் போகிறதைப் பார்த்த எங்கட ஊராக்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் எண்டு விளங்கும். பிறகு அவர் கிளாஸ்கோவுக்குப் போய் பொந்தெகோர்வோ என்ற விஞ்ஞானியின் கீழ் பூஞ்சணத்தில் கலாநிதிப் பட்டம் செய்தார். அமெரிக்காவில் பக்டீரியாவில் வேலை செய்தார். 1962இல் ஹோமி பாபா அவரை பம்பாய்க்கு அழைத்து, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கு ஒரு பிரிவைத் தொடங்கச் சொன்னார். அணு விஞ்ஞானமும் கணிதமும் கோலோச்சிய இடத்தில், முப்பது வயசுக்காரர் ஒருவருக்குப் புதுத் துறை ஒன்றைக் கட்டுகிற பொறுப்பு.

அதோடையும் அவர் நிற்கவில்லை. நாற்பது வயசை நெருங்கும்போது பென்சரின் ஆய்வுகூடத்துக்குப் போய், தலைவர் பதவியைப் பம்பாயில் விட்டுவிட்டு, நரம்பைப் பற்றிப் படித்தார். சூடு கூடினால் விறைத்து விழுந்து, குளிர்ந்தால் திரும்ப எழும்புகிற ஈக்களின் நரம்புகளில் என்ன பிழை எண்டு இரண்டு பேரும் சேர்ந்து ஆராய்ந்த கட்டுரை 1976இல் வெளிவந்தது. கோதுமை, பூஞ்சணம், பக்டீரியா, ஈ. நாலு தரம் முதலாம் வகுப்பு.

மூன்றாவது ஆள்தான் எங்கட வயசுக்குக் கிட்ட. வெரோனிக்கா ரொட்ரிகஸ், 1953இல் கென்யாவில், கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தார். சித்திக்கியின் ஆய்வுகளை வாசித்து, அவரிடம் சேர்ந்து படிக்க விருப்பம் எண்டு கடிதம் எழுதினார். கடிதம் மட்டும்தான். சித்திக்கி வரச் சொன்னார். தான் வாழ்ந்திராத நாட்டுக்கு, இருபதுகளின் தொடக்கத்தில், ஒரு கட்டுரையை நம்பி வந்து இறங்கினார். இரண்டு பேருமாக, சீனியின் ருசியோ கசப்போ சரியாக விளங்காத ஈக்களைத் தேடிப் பிடித்து, ருசியும் மணமும் மூளைக்கு எப்படிப் போகுது எண்டதை ஆராயத் தொடங்கினார்கள். ரொட்ரிகஸ் பிறகு அதே நிறுவனத்தில் பேராசிரியராகி, தானும் மாணவர்களை உருவாக்கினார். 2010இல் இறந்தார். சித்திக்கி பெங்களூரில் உயிரியல் ஆய்வுக்கான தேசிய மையத்தைக் கட்டியெழுப்பி, ஓய்வுக்குப் பிறகும் ஆய்வுகூடத்தில் இருந்து, 2013இல் காலமானார்.

இந்த மூன்று பேரும் ஒரே சங்கிலி. ஒருவர் பௌதிகவியலில் இருந்து நடுவயசில் வந்தார். ஒருவர் தன் பிரிவின் தலைவராக இருந்துகொண்டே மாணவனாக வந்தார். ஒருவர் பட்டம் முடித்த கையோடு வந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் கொண்டுவந்த சாமான் வேற. இளம் ஆளிடம் இருந்தது காலமும் பொறுமையும். ஆயிரக்கணக்கான ஈக்களில் ஒன்றைத் தேட அதுதான் வேணும். நடுவயசுக்காரர் கொண்டுவந்தது இன்னொரு துறையில் பழகின கை. இழந்ததும் வேற வேற. இளம் ஆளுக்குப் பெரிசாக இழக்க ஒண்டுமில்லை. பெயர் எடுத்தவர் அந்தப் பெயரைக் கொஞ்சக் காலம் கழற்றி வைக்க வேணும். எங்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டமாகத் தெரியுது.

"சரி, இவங்களெல்லாம் எப்படியும் விஞ்ஞானம் படிச்ச ஆக்கள்தானே?" எண்டு நீங்க கேட்கலாம். நாங்களும் கேட்டோம். அப்பதான் கனடாவின் பற்றீசியா சேர்ச்லண்ட் வந்தார். 1943இல் பிறந்தவர், மெய்யியல் படித்தவர். 1970களில் வினிபெக் நகரில் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்துக்கொண்டு இருந்தார். மனம் எண்டால் என்ன எண்டு வகுப்பில் பேசிக்கொண்டு இருந்தவருக்கு, மூளையைப் பார்க்காமல் இதை எப்படிப் பேசுறது எண்ட கேள்வி வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்துக்குப் போய் மாணவர்களோடு மாணவராக இருந்து மூளையின் உடலமைப்பைப் படித்தார். முண்ணாணை ஆராய்கிற ஆய்வுகூடம் ஒன்றில் இடம் கேட்டார், கிடைத்தது. 1986இல் அவருடைய புத்தகம் மெய்யியலுக்கும் நரம்பியலுக்கும் நடுவில் ஒரு புதுத் துறைக்கே பெயர் கொடுத்தது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பீடத்தில் இருந்து இன்னொரு பீடத்துக்கு நடந்த தூரம்தான் அது.

தமிழ் ஆக்களில் விலயனூர் ராமச்சந்திரனைச் சொல்லாமல் விட ஏலாது. 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாணவனாக இருந்தபோதே, இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைப் பார்க்கிற விதம் பற்றி எழுதி 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். பிறகுதான் கேம்பிரிட்ஜுக்குப் போய் ஆய்வு மாணவரானார். 1990களில், அவருடைய நாற்பதுகளில், ஒரு பெட்டிக்குள் முகம் பார்க்கிற கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். கை இழந்தவர் மற்றக் கையைக் கண்ணாடிக்கு முன்னால் அசைத்தால், இல்லாத கை அசைகிற மாதிரித் தெரியும். இல்லாத கை வலிக்குது எண்டு தவிச்ச சிலருக்கு அது ஆறுதல் தந்தது. யுத்தத்தில் கை கால் இழந்த ஆக்கள் எங்கட ஊர்களில் வீட்டுக்கு வீடு தெரிஞ்ச ஆக்கள். அதனால் இந்தப் பெட்டியை நாங்க சும்மா ஒரு வேடிக்கையாக வாசிக்கவில்லை.

ஆனால் இதைப் 'முயற்சி திருவினையாக்கும்' கதையாக முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ராமச்சந்திரனின் தாத்தா அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இந்திய அரசியலமைப்பை எழுதியவர்களில் ஒருவர். ரொட்ரிகஸின் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, கையில் டப்ளின் பட்டம் இருந்தது. அதோட, ஒவ்வொரு கதையிலும் கதவைத் திறந்துவிட்ட இன்னொரு ஆள் இருக்கிறார். ஸ்பெரி பென்சருக்கு இடம் கொடுத்தார், பாபா சித்திக்கியை அழைத்தார், சித்திக்கி ஒரு கடிதத்தை வாசித்துப் பதில் போட்டார். வயசு தடையில்லை எண்டது உண்மை. ஆனால் பதில் போடுகிற ஆள் இல்லாத இடத்தில் எந்த வயசில கடிதம் எழுதியும் பிரயோசனமில்லை. பதினாறு வயசில எங்களைப் பிரித்துவிட்டது எங்கட மூளையின் குறை இல்லை, அந்தப் பதில் இல்லாததுதான்.

இங்க இருந்து நாங்க எதைக் கொண்டு போகலாம்? எங்களில் ஒருவரின் அம்மம்மாவிடம் இண்டைக்கு என்ன திகதி எண்டு கேட்டால் தெரியாது எண்டுதான் சொல்லுவா. ஆனால் ஆடி எத்தனை, அமாவாசைக்கு எத்தனை நாள், கோயில் கதவு திறக்க எத்தனை நாள் எண்டு கேட்டால் பிசகாமல் சொல்லுவா. வயசானவர்களின் ஞாபகத்தைச் சோதிக்கிற வினாத்தாள்களில் திகதிக் கேள்வி வழக்கமாக இருக்கும். அம்மம்மாவுக்கு அதில் புள்ளி குறையும். மறந்தது மூளையா, பிழைச்சது கேள்வியா? மட்டக்களப்புத் தமிழும் இந்த ஊர்ப் பழக்கமும் தெரிஞ்ச ஆள் பக்கத்தில் இருந்தால்தான் அதைப் பிரித்தறியலாம். மொழியியலும் சமூகவியலும் படிக்கிற நாங்க கொண்டு போகக்கூடிய சாமான் இதுதான்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் வந்தாறுமூலையில் இருக்கு, மருத்துவம் படிப்பிக்கிற பீடம் மட்டக்களப்பு நகரப் பக்கம் இருக்கு. குருக்கள்மடத்தில் இருந்து கல்முனை வீதியால் பஸ்ஸில் கம்பஸுக்குப் போகிற எங்களுக்கு, நகரம் நடுவழியில்தான் வருது. வினாத்தாளில் எங்களுக்குப் பிழையாகப் பட்ட கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி, அதோட ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறோம். வாற கிழமை நடுவழியில் இறங்கிக் கொடுக்கப்போறோம்.