பியூக் கியர்பாக்ஸ், காடிலாக் இன்ஜின்

ஒரு இன்ஜினுக்கு வேற வண்டியோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாட்டுறது மெக்கானிக் ஷெட் வேலைன்னு நினைப்போம், இல்லையா? 1953-ல ஜெனரல் மோட்டார்ஸே அதைச் செய்ய வேண்டி வந்தது.

ஆகஸ்ட் 12. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம், லிவோனியா. ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யுற ஆலை, கட்டிங் டார்ச்சோட ஒரு பொறியில எரிஞ்சு போச்சு. தொழிலாளர்கள் உயிரிழந்தாங்க. அதைச் சொல்லாம இந்தக் கதையை இன்ஜினியரிங் சாகசமா மட்டும் சொல்ல எனக்கு மனசு வரல.

காடிலாக்குக்கும் ஓல்ட்ஸ்மொபைலுக்கும் கியர்பாக்ஸ் இல்ல. சரி, பங்காளி பியூக்கோட டைனாஃப்ளோவை எடுத்தாங்க. போல்ட் துளைகள் பொருந்தாது, நடுவுல அடாப்டர் வேணும். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னாடி: பியூக்ல டிரைவ் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள்ள சுத்தும், காடிலாக்ல திறந்தே இருக்கும். போன்டியாக்குக்கு செவர்லேவோட பவர்கிளைட் போச்சு.

அந்த வருஷமே வில்லோ ரன்னுல, போர்க்கால விமான ஆலைக்குள்ள, ஹைட்ராமேட்டிக் திரும்ப உற்பத்தியாச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, 1954 செவர்லே பிக்கப்ல ஆட்டோமேட்டிக் கேட்டா கிடைச்சது செவர்லேவோட சொந்த பவர்கிளைட் இல்ல, ஹைட்ராமேட்டிக்!