வாயு உணர்கருவி

வாயு உணர்கருவி என்பது ஓரிடத்துக் காற்றில் தீப்பற்றக்கூடிய வாயுக்களோ நச்சு வாயுக்களோ கலந்துள்ளனவா, மூச்சுவிடப் போதிய ஆக்சிசன் உள்ளதா என்பவற்றை அளந்து, குறித்த எல்லை மீறப்படும்போது ஒலி, ஒளி, அதிர்வு ஆகியவற்றால் எச்சரிக்கும் கருவியாகும். தொழிற்கூடங்களில் இது கேஸ் டிடெக்டர் என்றே பரவலாக அழைக்கப்படுகிறது. இது ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்படும் வகை, ஆடையில் மாட்டிக்கொள்ளும் கையடக்க வகை என இருவகைப்படும். ஆக்சிசன், தீப்பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஐதரசன் சல்பைடு ஆகிய நான்கையும் ஒருசேர அளக்கும் கையடக்கக் கருவியே தொட்டிகள், கழிவுநீர்க் குழிகள் போன்ற அடைபட்ட இடங்களில் பெரிதும் பயன்படுகிறது.

தேவை

மனித மூக்கை நம்பி வாயு அபாயத்தை அறிய இயலாது. கார்பன் மோனாக்சைடுக்கும் தூய மீத்தேனுக்கும் மணமில்லை. ஐதரசன் சல்பைடு சிறிய அளவில் அழுகிய முட்டை போல நாறும்; ஆனால் ஏறத்தாழ 100 பிபிஎம் அளவை எட்டும்போது முகரும் உணர்வையே அது மரத்துப்போகச் செய்கிறது. எனவே நாற்றம் நின்றுவிட்டது என்பது வாயு நீங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

வரலாறு

இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812 இல் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளைத் தடுக்க அம்ஃப்ரி டேவி 1815 இல் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். மீத்தேன் இருந்தால் இவ்விளக்கின் சுடர் நீண்டு நீலநிறம் கொள்ளும். ஆக்சிசன் குறைந்தால் சுடர் மங்கும். இவ்வகையில் விளக்கே ஓர் உணர்கருவியாகவும் விளங்கியது. 1890களில் ஜான் இசுகாட் ஆல்டேன் என்பவரின் பரிந்துரையால் கார்பன் மோனாக்சைடை அறியக் கேனரிப் பறவைகள் சுரங்கங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. பிரித்தானியச் சுரங்கங்களில் இவ்வழக்கம் 1986 இல் கைவிடப்பட்டது. வினையூக்கி எரிப்பு முறையில் இயங்கும் உணர்கருவியை ஆலிவர் ஜான்சன் 1920களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் உருவாக்கினார்.

உணரிகளின் வகைகள்

வினையூக்கி உணரி: தீப்பற்றும் வாயுக்களை அளக்கிறது. இதில் சூடாக்கப்பட்ட இரு சிறு மணிகள் உள்ளன. வினையூக்கி பூசப்பட்ட மணியின் மேல் வாயு எரிவதால் அதன் வெப்பமும் மின்தடையும் உயர்கின்றன. மற்ற மணியுடன் ஒப்பிட்டு இவ்வேறுபாடு வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் மூலம் அளக்கப்படுகிறது. எரிவதற்கு ஆக்சிசன் வேண்டும் என்பதால், ஆக்சிசன் மிகக் குறைந்த இடத்தில் இவ்வுணரி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். சிலிக்கோன், ஈயச் சேர்மங்கள் ஆகியவற்றின் ஆவி பட்டால் வினையூக்கி செயலிழக்கும்.

அகச்சிவப்பு உணரி: ஐதரோகார்பன்கள் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் அளவைக்கொண்டு இயங்குகிறது. இதற்கு ஆக்சிசன் தேவையில்லை. ஆனால் ஐதரசனை இதனால் அறிய இயலாது.

மின்வேதி உணரி: ஆக்சிசனையும் நச்சு வாயுக்களையும் அளக்கிறது. வாயு மின்முனையில் வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டம் வாயுவின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமையும். இவ்வுணரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வேறு வாயுக்களுக்கும் இது ஓரளவு எதிர்வினை காட்டுவதுண்டு. எடுத்துக்காட்டாக, ஐதரசன் உள்ள இடத்தில் கார்பன் மோனாக்சைடு உணரி பொய்யான அளவைக் காட்டக்கூடும்.

அளவீட்டு அலகுகள்

ஆக்சிசன் கன அளவு விழுக்காட்டில் காட்டப்படுகிறது. நச்சு வாயுக்கள் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும் பிபிஎம் அலகில் காட்டப்படுகின்றன. தீப்பற்றும் வாயு, கீழ் வெடிப்பு எல்லையின் விழுக்காடாகக் காட்டப்படுகிறது. காற்றில் தீப்பற்றுவதற்குத் தேவையான மிகக் குறைந்த வாயு அளவே கீழ் வெடிப்பு எல்லை ஆகும். மீத்தேனுக்கு இது ஏறத்தாழ 5 விழுக்காடு. எனவே கருவி 10 எனக் காட்டினால் காற்றில் 0.5 விழுக்காடு, அதாவது 5000 பிபிஎம் மீத்தேன் உள்ளது என்று பொருள். 100 எனக் காட்டினால் ஒரு தீப்பொறியே வெடிப்புக்குப் போதுமானது.

எச்சரிக்கை எல்லைகள்

பல கருவிகளில் பொதுவாக அமைந்திருக்கும் எல்லைகள் கீழே தரப்பட்டுள்ளன. நாட்டின் விதிகளுக்கும் பணியிடத்திற்கும் ஏற்ப இவை மாறும்.

* ஆக்சிசன்: 19.5 விழுக்காட்டிற்குக் கீழ் அல்லது 23.5 விழுக்காட்டிற்கு மேல் (தூய காற்றில் 20.9)
* தீப்பற்றும் வாயு: கீழ் வெடிப்பு எல்லையில் 10 விழுக்காடு முதல் எச்சரிக்கை, 20 விழுக்காடு இரண்டாம் எச்சரிக்கை
* கார்பன் மோனாக்சைடு: 35 பிபிஎம், 200 பிபிஎம்
* ஐதரசன் சல்பைடு: 10 பிபிஎம், 15 பிபிஎம்

இவை தவிர இரு சராசரி எச்சரிக்கைகளும் உண்டு. குறுகிய கால எச்சரிக்கை கடந்த 15 நிமிடச் சராசரியையும், பணிநேர எச்சரிக்கை 8 மணிநேரச் சராசரியையும் அடிப்படையாகக் கொண்டவை. ஒருவர் 4 மணிநேரம் 60 பிபிஎம் கார்பன் மோனாக்சைடிலும் எஞ்சிய 4 மணிநேரம் தூய காற்றிலும் இருந்தால் அவரது பணிநேரச் சராசரி 30 பிபிஎம் ஆகும். எனவே, திரையில் அப்போதைய அளவு குறைவாக இருக்கும்போதும் சராசரி எச்சரிக்கை ஒலிக்கக்கூடும். இது கருவியின் கோளாறு அன்று. உடல் ஏற்கனவே ஏற்ற நஞ்சின் கணக்கு ஆகும்.

மின்கலம் குறைதல், உணரி பழுதாதல், அளவெல்லை கடத்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. இவற்றில் எது தோன்றினாலும் அக்கருவி பாதுகாப்பு தராது எனக் கருதி வெளியேற வேண்டும்.

இயக்கும் முறை

1. கருவியைத் தூய காற்றுள்ள இடத்தில் இயக்கி, சுழியத்தைச் சரிசெய்ய வேண்டும். மாசுற்ற காற்றில் இதைச் செய்தால், பின்னர் கருவி உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும்.
2. ‘பம்ப் டெஸ்ட்’ எனப்படும் செயற்சோதனையை ஒவ்வொரு நாளும் பயன்படுத்தும் முன் செய்ய வேண்டும். அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி எச்சரிக்கை ஒலிக்கிறதா எனப் பார்ப்பதே இது. தவறினால் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அதிலும் தவறினால் கருவியைப் பயன்படுத்தக்கூடாது.
3. அடைபட்ட இடத்தில் இறங்கும் முன், வெளியில் நின்றபடியே உறிஞ்சுகுழாய் மூலம் மேல், நடு, அடி ஆகிய மட்டங்களில் அளக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. ஐதரசன் சல்பைடு கனமானது. குழாய் வழியே காற்று வந்துசேர நேரமாகும் என்பதால் அளவு நிலைபெறும்வரை காத்திருத்தல் அவசியம்.
4. முதலில் ஆக்சிசன், அடுத்துத் தீப்பற்றும் வாயு, பின்னர் நச்சு வாயுக்கள் என்ற வரிசையில் அளவுகளை நோக்க வேண்டும்.
5. பணி முடியும்வரை கருவி மூக்கு, வாய்க்கு அருகில் ஆடையின் மேற்புறத்தில் இருக்க வேண்டும்.
6. எச்சரிக்கை ஒலித்தால் உடனே வெளியேற வேண்டும். காரணத்தை உள்ளே நின்று ஆராயலாகாது.

பொதுவான தவறுகள்

ஆக்சிசன் 20.9 இலிருந்து 19.9 ஆகக் குறைவது சிறு மாற்றமாகத் தோன்றலாம். காற்றில் ஆக்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்பதால், வேறொரு வாயு காற்றை இடம்பெயர்த்ததால் இக்குறைவு ஏற்பட்டிருப்பின், அவ்வாயுவின் அளவு ஏறத்தாழ 4.8 விழுக்காடு, அதாவது 48,000 பிபிஎம் ஆகும். ஐதரசன் சல்பைடோ 100 பிபிஎம் அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்தானது. ஆகவே, ஆக்சிசன் எச்சரிக்கை ஒலிக்கவில்லை என்பதை மட்டும் கொண்டு ஓரிடம் பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது.

அதேபோல், நான்கு வாயுக்களுக்கான கருவி குளோரின், அம்மோனியா போன்றவற்றின் நச்சு அளவுகளைக் காட்டாது. கருவியின் அமைதி, அது அளக்கும் வாயுக்களுக்கு மட்டுமே பொருந்தும்.

இந்தியாவில் சட்டநிலை

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36 ஆம் பிரிவில், அபாயகரமான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி முதலியவற்றுள் தொழிலாளர் நுழைவதற்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், கழிவுநீர்க் குழாய்களையும் மலத்தொட்டிகளையும் உரிய பாதுகாப்பின்றி மனிதரைக் கொண்டு தூய்மைசெய்வதைத் தடைசெய்கிறது. அதன் விதிகளில் பட்டியலிடப்பட்ட பாதுகாப்புக் கருவிகளுள் நான்கு வாயுக்களுக்கான உணர்கருவியும் ஒன்று.

எனினும் கழிவுநீர்க் குழி மரணங்கள் தொடர்கின்றன. முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அதே வாயுவால் இறப்பது இவ்விபத்துகளில் அடிக்கடி காணப்படுவதாகும். மூச்சுக்கருவியின்றி எவரும் மீட்க இறங்கலாகாது என்பது அடிப்படை விதி. உணர்கருவி நஞ்சிலிருந்து காக்கும் கவசம் அன்று. இறங்கலாமா கூடாதா என்பதை முன்கூட்டியே அறிவிப்பதே அதன் பணி.

இவற்றையும் பார்க்கவும்

* மீத்தேன்
* ஐதரசன் சல்பைடு
* கார்பன் மோனாக்சைடு
* டேவி விளக்கு