வீட்டுக்குக் காவல் துப்பாக்கியா?



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டப் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் பினாங்குக்கு அழைத்துச் சென்றிருந்தோம். ஜார்ஜ் டவுன் பட்டணத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் பிள்ளைகளை வரிசையாக நடத்திச் சென்றபோது, ஒரு நகைக்கடை வாசலில் முக்காலி போட்டு ஒரு காவலர் அமர்ந்திருந்தார். அவருடைய மடியில் நீளமான ஒரு துப்பாக்கி. பிள்ளைகள் பள்ளிவாசலின் கோபுரத்தை மறந்தார்கள், துப்பாக்கியைத்தான் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பையன் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இந்த மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுல இருந்தா திருடன் வருவானா?" என்று கேட்டான். அதற்கு முந்திய மாதம்தான் அவன் வீட்டுப் பின்கதவை உடைத்து, தாயாரின் தாலிக்கொடியைக் கொண்டு போயிருந்தார்கள். ஆகவே அது விளையாட்டுக் கேள்வி அல்ல. அப்போது எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறோம்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் அதைப் 'பம்ப் கன்' என்பார்கள். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் வரிசையாகக் கிடக்கும். இடக்கையால் பிடிக்கும் பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். காற்றடிக்கும் பம்பைப் போல இழுத்துத் தள்ளுவதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் ஸ்பென்சர் என்பவர் இத்தகைய துப்பாக்கிக்கு 1882-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படை பதுங்குகுழிச் சண்டைக்கு இதைக் கொண்டு போனபோது, இது கொடுமையான ஆயுதம் என்று 1918-இல் ஜெர்மனியே ஆட்சேபம் தெரிவித்தது.

'12 போர்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அதுவே 12 போர். ஆனால் தோட்டாவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் குண்டு அல்ல, பல ரவைகள். அவை விரிந்து சிதறும். ஒரு பலகைச் சுவர் அவற்றைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நம்புவதற்கில்லை. நம் லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

இனி, நாங்கள் நின்ற அந்தச் சாலையின் கதைக்கு வருவோம். அதன் பழைய பெயர் பிட் சாலை. பிட் என்பவர் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். நம்மவர்களின் தலைவராக விளங்கிய கப்பித்தான் காதிர் முகைதீன் 1801-இல் அங்கே பள்ளிவாசலை நிறுவினார். சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில் உண்டு. அடுத்த தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் உண்டு. இவ்வளவு கோயில்கள் சேர்ந்து நிற்கும் அந்த வட்டாரத்தில்தான் ஒருமுறை பத்து நாள் துப்பாக்கி வெடித்தது.

அது 1867-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதி பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் இந்திய அரசாங்கத்தின் கையிலிருந்து நேரே இங்கிலாந்து அரசின் கீழ்ச் சென்றன. பட்டணத்தில் போலீஸ் பலம் குறைவு. மக்கள் பாதுகாப்புக்காக நாடியது சங்கங்களைத்தான். சீனர்களிடையே கீ ஹின் என்றும் தோ பெக் கோங் என்றும் இரண்டு இரகசியச் சங்கங்கள். மலாய்க்காரர்களும் நம் தமிழ் முஸ்லிம்களும் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்ற இரண்டு கூட்டங்களில் பிரிந்திருந்தார்கள். வெள்ளைக்கொடி கீ ஹின்னோடும் சிவப்புக்கொடி தோ பெக் கோங்கோடும் கைகோத்துக்கொண்டன. அதாவது இது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் நடந்த சண்டை அன்று. இரண்டு பக்கத்திலும் எல்லா இனத்தவரும் நின்ற சண்டை. இதை இன்றும் பலர் தவறாகச் சொல்கிறார்கள்.

சங்கத்தில் சேர்ந்தவனுக்கு என்ன கிடைத்தது? வேலை, கடன், சாவுச் செலவு. அவற்றோடு, இரவில் கதவு தட்டப்பட்டால் ஓடிவர நாலு பேர். அதனால்தான் ஏழை எளியவர்கள் சேர்ந்தார்கள். அந்த நாளைய குடும்பச் சங்க வீடுகளை இன்றும் பார்க்கலாம். கூ கோங்சி என்ற புகழ்பெற்ற மண்டபம் தெருவிலிருந்து கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் கடைவீடுகள் மதில்போல நிற்க, குறுகிய சந்து வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். சந்தை அடைத்துவிட்டால் அது ஒரு கோட்டை. பிள்ளைகளை அந்தச் சந்துக்குள் நடத்திக் காட்டினோம்.

ஜூலை மாதத்தில் ஒருவன் மற்றவன்மீது ரம்புத்தான் தோலை வீசியதில் மூண்டது என்று ஒரு கதை உண்டு. தோல் ஒரு சாக்குத்தான். வீட்டுக்கு வீடு ஆயுதம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் பட்டணமே இரண்டாகப் பிளந்தது. கோட்டையிலிருந்த படைவீரர்களில் பெரும்பகுதியினர் அப்போது நிக்கோபார்த் தீவுகளுக்குப் போயிருந்தார்கள். துணை ஆளுநர் ஆன்சன் கையில் இருந்தவர்கள் சொற்பம். சிங்கப்பூரிலிருந்து சிப்பாய்கள் வரும்வரை தெருக்களில் தடுப்பு வைத்துச் சமாளித்தார். கடைகள் அடைத்துக் கிடந்தன, வீடுகள் எரிந்தன, சண்டை கிராமங்களுக்கும் பரவியது. அங்கே பீரங்கி வெடித்த நினைவாகத்தான் ஒரு தெரு இன்றும் 'கேனன்', அதாவது பீரங்கித் தெரு என்று வழங்குகிறது என்பார்கள்.

பிறகு விசாரணைக் குழு அமர்ந்தது. சங்கங்களுக்கு ஆளுக்கு 5,000 வெள்ளி அபராதம் போட்டு, அந்தப் பணத்தில் போலீஸ் நிலையங்கள் கட்டினார்கள். தோ பெக் கோங்கின் தலைவர் கூ தியென் தெய்க்குக்கு மரண தண்டனை விதித்து, பின்பு அதைக் குறைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் பெரும் செல்வந்தராக வாழ்ந்தார். எரிந்த குடிசைக்காரர்களின் பெயர்களைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது. 1869-இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 1890-இல் இரகசியச் சங்கங்களே தடை செய்யப்பட்டன.

பட்டணத்தில் வீட்டுக்கு வீடு ஆயுதம் இருந்த கதை இது. தோட்டத்துக் கதை வேறு. இங்கே ஆயுதம் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அது துரை பங்களா.

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராவில் சுங்கை சிப்புட் அருகே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிரகடனமாயிற்று. அதன்பின் பங்களாக்களைப் பார்க்கவேண்டுமே! இரட்டைக்குழல் துப்பாக்கி மட்டுமா? சுற்றிலும் முள்கம்பி, சன்னலுக்கு மணல்மூட்டை, இரவைப் பகலாக்கும் விளக்கு, நாய்கள், இரும்புத்தகடு அடித்த மோட்டார் வண்டி. ஒரு வீட்டைக் காப்பதற்கு என்னென்ன பொருத்தலாமோ அத்தனையும் பொருத்தினார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் என்று பல்லாயிரம் பேரைச் சேர்த்துத் தோட்டங்களில் நிறுத்தினார்கள்.

லயத்துக்கும் முள்கம்பி வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டி வேலி அடைத்தார்கள். தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் கம்பங்களிலும் இவ்வாறு மறுகுடியேற்றம் செய்யப்பட்டவர்கள் சுமார் 6,50,000 பேர். அந்த வேலி நம்மைக் காப்பதற்கா, காட்டிலிருப்பவர்களுக்கு நம் அரிசி போகாமல் தடுப்பதற்கா என்று எங்கள் பாட்டி கேட்பார். விடியற்காலை பெரட்டு முடிந்து பால்வெட்டுக்குப் போகும் பெண்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்களாம். சோற்றுப் பொட்டலம் கொண்டு போகக் கூடாது. மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் குற்றம். "காட்டுக்காரன் ராத்திரி வந்து அரிசி கேட்பான், பகல்ல இவங்க வந்து ஏன் குடுத்தேன்னு கேட்பாங்க. ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி இருந்திச்சு, எங்க கையில பால்வாளிதான்" என்று பாட்டி சொன்னது எங்களுக்கு எந்தச் சரித்திரப் புத்தகத்தைவிடவும் நன்றாக நினைவில் நிற்கிறது.

1950-க்குப் பிறகு ஊர்க்காவல் படை அமைத்து, புதுக்கிராமத்து ஆண்களிடம் வேட்டைத் துப்பாக்கி கொடுத்தார்கள். அதிலும் ஆள் அதிகம், துப்பாக்கி குறைவு. ஒருவர் முறை முடிந்து அடுத்தவரிடம் மாற்றிக் கொடுப்பார். துப்பாக்கி வேலியைக் காக்கப் போனது. எவர் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் தங்கவில்லை.

அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று 1948 ஜூலையில் அவசரகால விதி கடுமையாக்கப்பட்டது. அந்த விதி நம்மவர் இருவரைத் தொட்டது. இருவரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஒருவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சைப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949-இல் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைதானார். இந்திய அரசாங்கம் உட்படப் பலரும் கருணை காட்டும்படி கேட்டார்கள். பலிக்கவில்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர்ப் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் வீரசேனன் முந்திய நாள்தான் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கணபதியின் அரசியலை ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. ஒருவரைக்கூடச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்படாத ஒரு மனிதருக்கு, கையில் இருந்த பொருளுக்காக மட்டும் கயிறா என்ற கேள்வி அன்று தோட்டந்தோறும் எழுந்தது. எங்களுக்கும் அது தீராத கேள்விதான்.

மற்றவர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டா வைத்திருந்தார் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து விடுதலை. துப்பாக்கிக் குற்றத்துக்கு மறுவிசாரணை. மறுவிசாரணையில் மரண தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்றே. அதில் துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே வருகின்றன. தோட்டா விஷயத்தில் நிரபராதி என்று தீர்ந்துவிட்ட ஒருவரை, அந்தத் தீர்ப்பையே மறைத்து, அதே வாக்குமூலத்தைக் காட்டித் தண்டிக்கக் கூடாது என்று 1950-இல் தீர்ப்பாகி, சாம்பசிவம் உயிர் பிழைத்தார். ஒருமுறை விடுதலை என்று தீர்ந்தால் அது முழு விடுதலைதான் என்பதற்கு இன்றும் பல நாட்டு வழக்கறிஞர்கள் இந்தத் தமிழரின் பெயரால் விளங்கும் வழக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் பிள்ளைகளுக்குத்தான் அவர் பெயர் தெரியாது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. பயம் அத்தோடு முடியவில்லை; சட்டமாகத் தங்கியது. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்க முடியாது, தோட்டாவும் அப்படியே. 1971-இல் இன்னொரு சட்டம் தண்டனைகளை மிகவும் உயர்த்தியது. உரிமமற்ற துப்பாக்கி கையில் இருந்தாலே பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. குற்றம் செய்யும்போது துப்பாக்கியைச் சுட்டால் கட்டாய மரண தண்டனை என்றிருந்தது. 2023-இல்தான் 'கட்டாயம்' நீங்கி, நீதிபதி ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்றாயிற்று. பன்றி விரட்டுவதற்கென்று குழாயை அறுத்து வீட்டில் செய்துகொள்ளும் நாட்டுத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். "சும்மா ஒரு நண்பன் கொடுத்து வைத்தான்" என்று போலீசில் சொல்லித் தப்பிக்கலாம் என்று எந்த இளைஞனும் எண்ணிவிட வேண்டாம்.

பையனின் கேள்விக்குத் திரும்புவோம். அன்று மாலை பேருந்துக்குக் காத்திருந்தபோது அந்த நகைக்கடைக் காவலரிடமே பேச்சுக் கொடுத்தோம். கெடாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தமிழர். "அண்ணே, இதை ராத்திரி வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவீங்களா?" என்று பையன் கேட்டான். அவர் சிரித்துவிட்டார். "ஐயையோ, சாயங்காலம் தோட்டாவை ஒவ்வொண்ணா எண்ணி, புத்தகத்துல கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியை ஒப்படைச்சிட்டுத்தான் தம்பி நான் பஸ் ஏறணும். ஒரு தோட்டா குறைஞ்சாலும் வேலை போயிடும், ஆளும் உள்ள போயிடுவேன்" என்றார்.

"அப்ப உங்க வீட்டுக்கு?"

"பின்கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள். ஒரு கருப்பு நாய். பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டா நான் எழுந்திரிப்பேன், நான் கூப்பிட்டா அவங்க எழுந்திரிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் கூப்பிடவே எழுந்து உள்ளே போனார். எங்கள் பேருந்தும் வந்து சேர்ந்தது.